ஆறு பர்னாந்துகளும் ஒரு காலிக் கட்டமும்

என் மனைவி பிளாரன்ஸ் தன் ஐம்பது வருஷ வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறாள். அதுவும் நான் சொல்லித்தான் விட்டாள். என் பேச்சைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டில் இன்றுவரை அதுதான் உதாரணம்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் அவள். எந்தக் கப்பலில் எந்தச் சரக்கு எத்தனை மூட்டை ஏறியது என்று பில் அடிப்பதுதான் வேலை. அதில் ஒரு எழுத்து தப்பினால் சரக்கு எங்கேயோ ஒரு துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடந்து நாறும். அவள் அடித்த காகிதம் ஒன்றுகூட 'தப்பு' என்று திரும்பி வந்ததில்லை. பிறகு ஆபீஸைக் கொச்சிக்கு மாற்றினார்கள். கூட வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். இவள் போகவில்லை, வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் கப்பலில் பண்டாரி, அதாவது சமையற்காரன். பெயர் செல்வின். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். அவள் வேலையை விட்ட பிறகு வந்த முதல் மூன்று மாதத்தில் என் மளிகைச் சீட்டில் எழுத்துப்பிழை பார்த்தாள். நான் தூக்கத்தில் உளறியதையும் காலையில் திருத்திச் சொன்னாள். இது சரிப்படாது என்று அடுத்த தடவை சிங்கப்பூரில் ஒரு கேமரா வாங்கிவந்து கையில் கொடுத்தேன். என்னை விட்டுவிட்டு ஊரைப் பார்க்கட்டும் என்பதுதான் என் திட்டம்.

ஊரைப் பார்த்தாள். உப்பளம், துறைமுகத்துக் கிரேன், ஏலத்துக்கு வந்த நண்டு என்று ஒன்றையும் விடவில்லை. கூட வேலைபார்த்த ஏஞ்சலின்தான் அவளுக்கு அந்த வழியைக் காட்டினாள். வெளிநாட்டில் படக் கம்பெனிகள் இருக்கின்றன. நம் படங்களை அவர்களிடம் ஏற்றி வைத்துவிட்டால், விளம்பரத்துக்கோ புத்தகத்துக்கோ எவனுக்கு எது தேவையோ அவன் வாங்கிக்கொள்வான். படம் எடுப்பது இதில் கால் பங்கு வேலை, அதைக் கம்பெனி ஏற்கும்படி தயார் செய்வது முக்கால் பங்கு. இதைக் கேட்டதும் பிளாரன்ஸ் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

முதலில் படத்தைப் பெரிதாக்கி, மூலைமூலையாக ஊர்ந்து, தூசிப் புள்ளி இருந்தால் அழிக்கவேண்டும். கடல் கோடு சாயக்கூடாது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாத்தீரா, கடல் அரை டிகிரி சரிஞ்சிருக்கு."

"இருவத்தெட்டு வருசமா அதுமேலதான் இருக்கேன். ஒருநாளும் அது நேரா இருந்து நான் பாத்ததில்ல."

அடுத்தது, படத்தில் எந்தக் கம்பெனியின் பெயரும் தெரியக்கூடாது. எங்கள் கரையில் சிமெண்டுக் கம்பெனி பனியனும் பெயிண்டுக் கம்பெனி தொப்பியும் போடாதவன் யார்? அத்தனையும் அவள் ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அழித்து முடித்தபின் சில ஆட்களுக்கு மீசை மட்டும்தான் சொந்தமாக மிஞ்சியது.

அதற்கப்புறம் தேடுசொற்கள். ஒரு படத்துக்கு ஐம்பது வார்த்தை கொடுக்கலாம், வாங்குகிறவன் தேடும்போது அதில் ஏதாவது ஒன்றில் மாட்டவேண்டும். ஐம்பது வரை கொடுக்கலாம் என்றால் அவளுக்கு ஐம்பதும் கொடுத்தாகவேண்டும்.

"கருவாட்டுக்கு நாப்பத்தி மூணு ஆச்சு. இன்னும் ஏழு சொல்லும்."

"நாத்தம்."

"அது படத்துல தெரியாது."

"பூனை."

"படத்துல பூனை எங்கன இருக்கு?"

"வரும்."

அதன்பின் அவள் என்னைக் கேட்கவில்லை.

தொடக்கத்தில் அவளுக்குப் படத்தின் விவரக்குறிப்பு எழுத வரவில்லை. கப்பல் பில் அடித்த பழக்கதோஷம். நண்டுப் படத்துக்குக் கீழே, 'நண்டு என்று சொல்லப்படும் சரக்கு, எண்ணிக்கை பன்னிரண்டு, வெளிப்பார்வைக்குப் பழுதில்லாதது' என்று இங்கிலீஷில் எழுதி அனுப்பினாள். கம்பெனி 'புரியவில்லை' என்று திருப்பியது. அன்றைக்கு முழுக்க, இது காகிதம் அல்ல, கம்ப்யூட்டர், ஆகவே திரும்பி வந்த கணக்கில் சேராது என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். முத்தையாபுரம் பக்கம் எடுத்த உப்புக் குவியல் படத்தை எவனோ வாங்கி, பனிமலை என்று கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையில் போட்டான். நடுப்பகல் வெயிலில் குடை பிடித்து நின்றவன் நான். இரண்டு வருஷத்தில் அறுநூற்றுப் பதினோரு படங்கள் ஏற்றிவிட்டாள்.

அறுநூற்றுப் பன்னிரண்டாவதுதான் ஆலந்தலைப் படம்.

ஆலந்தலை என் சொந்த ஊர், திருச்செந்தூரைத் தாண்டியதும் வரும் கடற்கரை. ஒரு காலையில் ஆறு பேர் வள்ளத்துக்குத் தோள் கொடுத்துக் கடலுக்குள் தள்ளும்போது அவள் எடுத்தாள். அலை உடைந்து ஆறு பேர் மேலும் அடிக்கிறது. ஐந்து பேர் சிரிக்கிறார்கள். நடுவில் என் சித்தப்பா மகன் மனுவேல் மட்டும் சிரிக்கவில்லை. மூச்சைப் பிடித்து, இரண்டு கன்னத்தையும் உப்பிக்கொண்டு, கண் பிதுங்கத் தள்ளுகிறான். படத்தின் உயிரே அந்த முகம்தான்.

முகம் தெரிகிற ஒவ்வொருவரும், தன் படத்தை விற்கச் சம்மதம் என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும். சாட்சி நான். பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் நிரப்பிக்கொண்டே வந்தவள் ஒரு கட்டத்தில் பேனாவை நிறுத்தினாள். 'வழக்கத்தில் அழைக்கப்படும் வேறு பெயர்' என்று அதில் போட்டிருந்தது.

"இதுல என்ன எழுத?"

"வெறுமையா விட்டுரு" என்றேன்.

காரணம் இருந்தது. எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு பர்னாந்து மேல்தான் விழவேண்டும். சவேரியார் கால்பட்ட கரை என்பதால் தெருவுக்குப் பத்து சேவியர் பர்னாந்து. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பும். ஆகவே ஊர் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்திருக்கிறது. அதற்கு ஒரே சட்டம்தான்: ஆள் இல்லாத இடத்தில் சொல்லலாம், முகத்துக்கு நேரே சொன்னால் அடிதடி. அதைப் போய்ப் படிவத்தில் எழுதி, அவன் கையாலேயே கையெழுத்தும் வாங்குவதா? மரியாதை கருதிச் சொன்னேன். அவளும் மரியாதை கருதி விட்டாள்.

ஒன்பதாம் நாள் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. ஆறு பேர். ஆறு பேரும் பர்னாந்து. எடுத்தவர் பர்னாந்து, சாட்சியும் பர்னாந்து. ஆறில் மூன்று பேர் சேவியர் பர்னாந்து. அந்த மூவருக்கும் பிறந்த நாள் டிசம்பர் மூன்று. கையெழுத்து ஆறும் ஒரே மாதிரி. இவற்றை ஒரே நபர் போட்டிருப்பதாக நம்பக் காரணம் இருக்கிறது. பதினான்கு நாளுக்குள் சரியான விளக்கம் வராவிட்டால் உங்கள் கணக்கை மூடுகிறோம், அத்தனை படமும் நீக்கப்படும்.

கம்பெனிக்காரனைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் காலத்துத் தாய்மாரிடம் பிள்ளை எப்போது பிறந்தான் என்று கேட்டால், 'அந்தப் பெரிய காத்து அடிச்சதுக்கு முந்தி' என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார், பெயர் சேவியர் என்றால் சவேரியார் திருநாளைப் பிறந்தநாளாகப் போட்டுவிடுவார். கையெழுத்தும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் திரும்பி வந்து பெயருக்கு அடியில் கோடு போடும். கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. வால் சரியாக வராவிட்டால் பிரம்படி. என் கையெழுத்துக்கும் அதே வால், அதே இரண்டு புள்ளி.

அன்று நெத்திலிக் குழம்பு வைத்திருந்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். அவள் கோபத்தை எனக்குத் தாங்கத் தெரியும், இருபத்தேழு வருஷப் பயிற்சி. அன்றைக்கு அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"படம் போனாப் போவட்டும்" என்றாள். "பிளாரன்ஸ் கள்ளக் கையெழுத்துப் போட்டான்னு எழுதிட்டான். அதத்தான் என்னால தாங்க முடியல."

"ஆறு பேரு ஆதாரையும் அனுப்பிருவோம்."

மெயிலின் கடைசி வரிகளைக் காட்டினாள். அரசு அடையாள அட்டை எதையும் அனுப்பவேண்டாம், வாங்க எங்களுக்கு அனுமதியில்லை. புதிய படிவங்கள் அனுப்புங்கள், நிரப்பாத கட்டம் ஒன்றுகூட இல்லாமல். அதை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"அந்தக் கட்டத்துல 'இல்லை'ன்னு எழுதிருவோம்" என்றேன்.

"இருக்குல்லா? இருக்கிறத இல்லன்னு எழுதினா அது கள்ளக் காயிதம்தான? அப்பம் அவன் சொன்னது சரின்னு ஆயிரும்."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். பூசை முடிந்ததும் ஆறு பேரையும் மீன் ஏலக்கூடத்துக்கு வரச்சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும் ஆறு பேரும் காலால் மணலைக் கிளறினார்கள். பெரிய சேவியர்தான் முதலில் வாயைத் திறந்தான். வாயைத் திறப்பது அவனுக்குச் சிரமமே இல்லை.

"ரேடியோன்னு போடுங்க மதினி. ஊரே சொல்லுது, எனக்குத் தெரியாமலா இருக்கும்?"

முதல் கல் உருண்டதும் மற்றதும் உருண்டது. ஒல்லியாக நீண்டிருந்த சேவியர் 'ஊளி' மீன். மூன்றாவது சேவியர் எதற்கும் நேரத்துக்கு வராதவன், அவன் 'அப்புறம்'. ஐம்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகாத அமலன் 'மாப்பிள்ளை'. முடியே இல்லாத கிளாட்வின் 'சீப்பு'. ஒருவன் பெயரை எழுதும்போது மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், தன் முறை வந்தபோது பெருந்தன்மையாக நின்றார்கள். ஐந்து வாலும் பத்துப் புள்ளியும் விழுந்தன. கடைசியில் மனுவேல் வந்தான்.

"எனக்குப் பட்டப்பேரு கிடையாது மதினி. 'இல்லை'ன்னு போட்டுருங்க."

சிரிப்பு நின்றது. அவன் நடிக்கவில்லை. உண்மையாகவே அப்படி நம்பிக்கொண்டிருந்தான். மனுவேலின் முன்கோபம் தெரிந்து யாரும் அவன் காதுபட மூச்சுவிட்டதில்லை. ஊரில் அந்தப் பெயரைக் கேள்விப்படாத ஒரே ஆள் அவன்தான்.

பிளாரன்ஸ் பேனா கட்டத்துக்கு மேலே நின்றது. அவளால் 'இல்லை' என்று எழுதவும் முடியாது, இருப்பதைச் சொல்லவும் முடியாது.

"இருக்கு மனுவேலு" என்றான் ரேடியோ.

"என்னது?"

ரேடியோ வாய் திறந்து பதில் சொல்லாத ஒரே தருணம் அதுதான். மேசைமேல் கிடந்த படத்தை எடுத்து, நடுவில் உப்பிக்கொண்டிருந்த முகத்தின்மேல் விரலை வைத்தான்.

மனுவேல் படத்தை வாங்கிப் பார்த்தான்.

"பேத்தையா?" என்று அவனே கேட்டான்.

பேத்தை என்பது தொட்டால் உடம்பை ஊதிக்கொள்ளும் மீன். வலையில் வந்தால் விஷம் என்று தூக்கி எறிவார்கள். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். நான் மட்டும் ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. கன்னம் இரண்டும் மெல்ல மெல்ல உப்ப ஆரம்பித்தன.

"நான் கையெழுத்துப் போடல" என்று எழுந்தான். நாலு எட்டு நடந்தவன் திரும்பினான். "எல்லாரு பேரையும் கேட்டு எழுதுதிய. ஒங்க பேரு என்ன மதினி?"

"எனக்கா? எனக்குக் கிடையாது" என்றாள் பிளாரன்ஸ்.

மனுவேல் சொன்ன அதே வார்த்தை, அதே நம்பிக்கை. ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதிக்கு என்ன அர்த்தம் என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்புதான் அவள் பார்த்திருந்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"இருக்கா?"

"இருக்கு."

"என்ன?"

"கமா."

அவள் முகம் சுருங்கியது. இருபத்தேழு வருஷம் இந்த ஊருக்கு மருமகளாக வந்து போகிறாள், ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறாள். அவள் போனதும் 'கமா போயிட்டாளா' என்று கேட்டிருக்கிறார்கள், நானும் ஆமாம் என்றிருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

"எப்பருந்து?"

"மனுவேல் அப்பா செத்ததுலருந்து."

"எங்கப்பா சாவுக்கும் மதினிக்கும் என்ன?" என்றான் மனுவேல்.

வேறு வழியில்லை, சொன்னேன். சித்தப்பா இறந்த அன்று அச்சாபீஸிலிருந்து போஸ்டர் வந்தது. 'வருத்தத்துடன், மனைவி மரியபுஷ்பம் மனுவேல்' என்று அடித்திருந்தான். மரியபுஷ்பம் சித்தி பெயர், அடுத்தது மகன் பெயர். நடுவில் கமா இல்லை. எங்கள் பக்கம் பெண்கள் பெயரோடு புருஷன் பெயரைச் சேர்த்து எழுதுவதுதான் வழக்கம். பெற்ற தாயை மகனுக்கே மனைவியாக்கி ஊர் முழுக்க ஒட்டிவிட்டார்கள். சாவு வீட்டில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. இவள் கண்ணில் பட்டது. யாரிடமும் சொல்லாமல் ஒரு கறுப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, மே மாத வெயிலில், கோயிலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நாற்பத்தொரு போஸ்டரிலும் ஒவ்வொன்றாகக் கமா வைத்துவிட்டு வந்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். பெயர் அன்று மாலையே விழுந்துவிட்டது.

மனுவேலின் கன்னம் இறங்கியிருந்தது.

"அச்சாபீஸ்காரன் போட்டதுன்னுல்லா இத்தன வருசம் நெனச்சிருந்தேன்" என்றான். பிறகு வந்து உட்கார்ந்தான். "பேனாவக் குடுங்க. முதல்ல ஒங்க பேர எழுதுங்க, அப்புறம் எம்பேரு."

எடுத்தவருக்கும் சாட்சிக்கும் அதே கட்டம் இருந்தது. பிளாரன்ஸ் தன் கட்டத்தில் 'கமா' என்று இங்கிலீஷில் எழுதினாள். மனுவேல் 'பேத்தை' என்று தன் கையாலேயே எழுதி, வால் விட்டு, இரண்டு புள்ளி வைத்தான். சாட்சிக் கட்டத்தில் நான் 'சப்பை' என்று எழுதினேன். ஒரு கல்யாண விருந்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். உப்பளத்து ஊரில் பெண்ணெடுத்தவன் செய்கிற காரியமா என்று வைத்த பெயர்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, ஆறு பேர் பெயரையும் வரிசையாகப் போட்டு, வாத்தியார் தந்த பிறந்தநாளையும் கையெழுத்தையும் விளக்கிக் கம்பெனிக்குக் கடிதம் அடித்தாள். அடிக்கும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதை அனுப்பினாலும் மூன்று தடவை படித்துப் பார்ப்பவள், அன்று ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

"கோவமா?" என்றேன்.

"இருக்கத்தான் செய்யும். நாப்பத்தியொரு கமாவுக்கு ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்த சொல்லல. பேரு மட்டும் வச்சிருக்கிய."

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. ஆறு படிவமும் ஏற்கப்பட்டன. ஆறும் வேறு வேறு மனிதர்கள் என்பதில் எங்களுக்கு இனிச் சந்தேகமில்லை, சந்தேகப்பட்டதற்கு வருந்துகிறோம். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கீழே ஒரு பின்குறிப்பு இருந்தது. உங்கள் கடிதத்தில் மனுவேல் பர்னாந்து என்பதற்கும் சேவியர் பர்னாந்து என்பதற்கும் நடுவில் ஒரு கமா விடுபட்டதால், ஆறு பேர் ஐந்து பேராகத் தெரிந்தார்கள். அதை நாங்களே சேர்த்துக்கொண்டோம்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். லேப்டாப்பை மூடினாள்.

"இத ஆலந்தலையில யாருகிட்டயாவது சொன்னீரு..."

"சொல்ல மாட்டேன்" என்றேன். நானும் எட்டு நாள் வாக்குத் தவறவில்லை. ஒன்பதாம் நாள் மனுவேலிடம் மட்டும் போனில் சொல்லிவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. "எம்பேருக்குப் பின்னாலயா விட்டுப்போச்சு?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தூத்துக்குடிக்கு வந்து நின்றான். ஒரு பை நிறைய நெத்திலியை என் கையில் கொடுத்துவிட்டு, "மதினி, அந்தக் கடிதாசி நகல் இருக்கா? ஒரு கறுப்புப் பேனாவும் எடுத்துட்டு வாங்க" என்றான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தாள். மனுவேல் விரலால் வரியைத் தடவித் தன் பெயரைக் கண்டுபிடித்தான். மூச்சைப் பிடித்து, கன்னம் உப்ப, அதற்குப் பின்னால் ஒரு கமா வைத்தான்.

பிளாரன்ஸ் குனிந்து பார்த்தாள்.

"கொஞ்சம் பெருசாப் போச்சு" என்றாள்.